மதனப்பள்ளியும் மேட்லாக்கும்

எங்கள் சித்தூர் வீட்டில் யாருக்காவது இருமல் நீடித்தால் பாட்டி "மதனப்பள்ளிக்குத்தான் அனுப்பணும்" என்பாள். பாதி கிண்டல், பாதி பயம். திருப்பதிக்கும் சித்தூருக்கும் மேற்கே, மேட்டில், வறண்ட காற்றுள்ள ஊர். (2022ல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரை விட்டுப் போய்விட்டது.) 1912ல் மிஷன்கள் சேர்ந்து அங்கே காசநோய் மருத்துவமனை ஆரம்பித்தன. 1915ல் அது ஊருக்கு வெளியே ஆரோக்கியவரத்துக்கு மாறியது. பொறுப்பு ஏற்றவர் ஃப்ரிமோட் மோல்லர் என்ற டேனிஷ் டாக்டர். மருந்தில்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம்.

அதே வருஷங்களில் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் வெள்ளைக்காரர்களுக்கு இதே வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தவர் நம்மூர்க்காரர், டாக்டர் சௌரி முத்து. அங்கே டேன்மார்க்காரர், இங்கே நம்மவர். வேடிக்கைதான், இல்லையா?

1917ல் அந்த மெண்டிப் சானடோரியத்துக்கு நோயாளியாக வந்தார் கணித மேதை ராமானுஜன். 1914ல் கப்பலில் வரும்போதே டாக்டரைத் தெரியும். முதலில் வயிற்றுப்புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். அடுத்து டெர்பிஷையரில் மேட்லாக். நான் இப்போது இருக்கும் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

விதி ஒன்றேதான்: ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மதனப்பள்ளியில் அது சுகம். இங்கிலாந்துக் குளிரில், கும்பகோணத்து ஆளுக்கு? கணப்பு மூட்ட விடவில்லை, குளிரில் நடுங்கிச் சாப்பிடக்கூட முடியவில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். சாப்பாடு அதைவிட மோசம். சுத்த சைவம். 1918 ஜூனில் ராமலிங்கம் என்ற தமிழ் என்ஜினியர் மேட்லாக் போய் மூன்று நாள் கூட இருந்துவிட்டு, இவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று ஹார்டிக்கு நீளமாக எழுதினார். கணக்கு பேச ஹார்டி உண்டு. ரசம் சாதம் பற்றிக் கவலைப்பட இன்னொரு தமிழன் வர வேண்டியிருந்தது.

எனக்கு மனசு கனத்தது வேறொரு இடத்தில். டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி 1994ல் எழுதிய கட்டுரையில், அது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்கிறார். 1906ல் சென்னையில் ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருக்கிறது. அதன் மிச்சமாம். சரியாகக் கண்டிருந்தால் அன்றைக்கே வைத்தியம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய சீதபேதியை இங்கிலாந்தில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அம்மாவுக்குத் தெரியும். அம்மாவோ ஆறாயிரம் மைலுக்கு அப்பால். இங்கே டாக்டர் "சின்ன வயதில் என்ன வியாதி வந்தது?" என்று கேட்டால் நானும் சித்தூருக்குத்தான் போன் போடுகிறேன். அவருக்கு அந்த வசதி இல்லை.

ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து உடனே ஊர் திரும்பவும் முடியவில்லை. 1919 மார்ச்சில் வந்து சேர்ந்தார். 1920 ஏப்ரல் 26ல், சேத்துப்பட்டில், 32 வயதில் போய்விட்டார்.

டாக்டர் சௌரி முத்துவும் திரும்பி வந்து 1928ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் கட்டினார். மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷன் பெயர். ஆரோக்கியவரத்தில் 1948ல் பிசிஜி தடுப்பூசியைச் சோதனையாகப் போட ஆரம்பித்தார்கள். 1956ல் சென்னையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை சானடோரியத்திலும் பாதிப்பேரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் சாப்பாடும் எவ்வளவோ மேல். 1959ல் முடிவு வெளிவந்தது: வீட்டிலேயே இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள்.