அறிவுரை சொல்லாத ஆசான்: வாழ்க்கைப் பயிற்சியின் தோற்றமும் எல்லையும்

வாழ்க்கைப் பயிற்றுநர் அல்லது லைஃப் கோச் என்ற தொழிலை உளவியல் சிகிச்சையின் இளைய கிளையாகக் கருதுவது பொதுவழக்கு. மாஸ்லோ 1943இல் முன்வைத்த தேவைகளின் படிநிலையும், நாடி வருபவரையே மையமாகக் கொண்டு கார்ல் ரோஜர்ஸ் 1951இல் நூலாக்கிய சிகிச்சை முறையும் அதற்கு நிலத்தைப் பண்படுத்தின என்பது உண்மைதான். ஆனால் ஒரு பயிற்றுநர் தம்முன் அமர்ந்திருப்பவரிடம் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் தவிர்க்கிறார் என்று கவனித்தால், அந்த ஒழுக்கத்தின் தடம் டென்னிஸ் களத்தில் போய் முடிகிறது. இத்தொழிலின் பலத்தையும் வரம்பையும் அந்தத் தடத்தைக் கொண்டே அளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹார்வர்டு டென்னிஸ் அணியின் தலைவராக இருந்த திமொதி கால்வே 1974இல் வெளியிட்ட ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ நூலின் மையக் கருத்து எளியது: ஆட்டக்காரரைக் கெடுப்பது எதிராளி அல்ல, அவர் தமக்குத் தாமே ஓயாமல் இட்டுக்கொள்ளும் கட்டளைகள். மணிக்கட்டை இப்படி வை, தோளைத் திருப்பு என்று கற்பிப்பதைக் கால்வே நிறுத்தினார். பந்து தரையில் பட்டெழும் நொடியில் ‘பவுன்ஸ்’ என்றும், மட்டையில் படும் நொடியில் ‘ஹிட்’ என்றும் வாய்விட்டுச் சொல்லும்படி மாணவரைக் கேட்டார். கவனம் பந்தின்மீது நிலைத்ததும் உடல் தானாகவே திருத்திக்கொண்டது. இம்முறையைப் பிரிட்டனின் அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றவர் ஜான் விட்மோர். 1965இல் ஐரோப்பிய சலூன் கார் பந்தயச் சாம்பியனாக இருந்தவர். 1992இல் வெளியான அவருடைய நூல், இலக்கு, நடப்பு நிலை, வாய்ப்புகள், உறுதி என்று வரிசையாகக் கேள்வி கேட்கும் ‘குரோ’ சட்டகத்தைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ‘கோச் யு’ பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய தாமஸ் லெனார்ட், 1995இல் சர்வதேசக் கோச் கூட்டமைப்பையும் நிறுவினார். அவர் நிதித் திட்ட ஆலோசகர். வெர்னர் எர்ஹார்ட் 1971இல் தொடங்கிய ‘எஸ்ட்’ என்ற சுயமுன்னேற்றப் பயிற்சி அமைப்பில் பணியாற்றியவர். ஆக, விளையாட்டு, மேலாண்மை, சுயமுன்னேற்றச் சந்தை என்று மூன்று வழிகளில் வந்தவர்கள் கட்டிய தொழில் இது. சந்தையின் ஆரவாரம் இன்றுவரை அதைவிட்டு நீங்கவில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பதற்கு ஒரு தொழிலா, நல்ல நண்பர் போதாதா என்ற ஐயம் நியாயமானது. ஸ்பென்ஸும் கிராண்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதையே சோதித்தது. பங்கேற்ற 63 பேரில் ஒரு பிரிவுக்குத் தொழில்முறைப் பயிற்றுநர்கள். இன்னொரு பிரிவினர் ஒருவருக்கொருவர் பயிற்றுநர். மூன்றாம் பிரிவு, ஒப்பீட்டுக்காகப் பயிற்சியின்றி வைக்கப்பட்ட காத்திருப்புப் பட்டியல். இலக்கில் பற்றும் முன்னேற்றமும் தொழில்முறைப் பிரிவில்தான் கூடின. 2006இல் கிரீனும் சக ஆய்வாளர்களும் 56 பேரிடம் நடத்திய பத்து வாரப் பயிற்சியில் இலக்கு எட்டுதலோடு நம்பிக்கையும் உயர்ந்தது. 18 ஆய்வுகளைத் திரட்டிய தீபோம் குழுவின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்விலும், இலக்கை நோக்கித் தன்னை நெறிப்படுத்தும் திறனில்தான் விளைவு மிகுதி. பயிற்சி எதைத் தொடுகிறதோ அதுவே வளர்கிறது. கால்வேயின் பந்தும் இதைத்தான் காட்டியது. எனினும் இந்த ஆய்வுகளின் மாதிரிகள் சிறியவை; பங்கேற்றோரில் பெரும்பாலோர் மாறும் விருப்பத்தோடு தாமாக வந்தவர்கள். விளம்பரங்கள் உறுதியளிக்கும் முழுமையான மறுபிறப்பை அவற்றால் தாங்கிப்பிடிக்க இயலாது.

வேலைப் பளுவும் கடனும் உண்டாக்கிய துன்பத்தை மனப்பான்மைக் குறையாக இத்தொழில் சித்திரிக்கிறது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பயிற்றுநர் நடப்பு நிலையை நேர்மையாக விசாரித்தால் வெளிக்காரணங்களும் பேச்சில் வந்துவிடும். விசாரணையை அவசரமாகக் கடந்து உறுதிமொழிக்குத் தாவும்போது அந்த மறுப்பு பலிக்கிறது. கூலியையும் கடனையும் மாற்றும் வலிமை எந்தக் கேள்விக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனநோயோடு வருபவரைப் பயிற்றுநர் அடையாளம் காணாமல் போகலாம் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு: ஆஸ்திரேலிய ஆய்வுகளில் பயிற்சி நாடி வந்தோரில் கால்பங்கு முதல் பாதிவரை மருத்துவக் கவனம் வேண்டிய அளவு மனத்துயரம் பதிவானது. ஆய்வுத் திட்டங்களில் இவர்களை முன்கூட்டியே வடிகட்டி மருத்துவ உதவிக்கு அனுப்ப முடியும். பெரும்பாலான நாடுகளின் திறந்த சந்தையிலோ, உரிமம் ஏதுமின்றி யாரும் தம்மை வாழ்க்கைப் பயிற்றுநர் என்று அறிவித்துக்கொள்ளலாம்.