பாறை எலிகள் (கிரெம்னோமிஸ்)

இந்தியாவில் மட்டுமே வாழும் காட்டெலிப் பேரினம் கிரெம்னோமிஸ். கிரேக்க மொழியில் கிரெம்னோஸ் என்றால் செங்குத்துப் பாறை, மிஸ் என்றால் எலி. வீட்டெலியும் வயலெலியும் அடங்கிய மியூரிடே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், நெற்குதிருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சேலம், தருமபுரி பக்கத்தில் ‘கரடு’ என்கிறார்களே, அந்தப் பாறைக் குன்றுகளும் அவற்றைச் சுற்றிய முட்புதர்க் காடுமே பாறை எலியின் இடம். பகலெல்லாம் இடுக்கில் கிடந்து இரவில் இரை தேடும். உடலைவிட வால் நீளம். பேரினத்தில் இன்று வைக்கப்படும் இனங்கள் இரண்டே: கட்ச் பாறை எலி, எல்விரா எலி.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911இல் இந்தியப் பாலூட்டிகளின் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஊர் ஊராகப் பொறி வைத்துப் பிடித்த சிற்றுயிர்களின் தோலும் மண்டையோடும் பிடித்த ஊரின் பெயர்ச்சீட்டோடு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றைப் பிரித்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வன அதிகாரி ராட்டன். கட்ச் பகுதியிலிருந்து வந்த எலி தனிப் பேரினம் என்று 1912இல் அவர் பெயரிட்டார். குஜராத், ராஜஸ்தான் தொடங்கிக் கர்நாடகம் வரை அந்த இனம் பரவியிருக்கிறது.

நமக்கு நெருக்கமானது இரண்டாவது இனம். 1929இல் தொடங்கிய வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வுக் குழு அன்றைய சேலம் மாவட்டத்தில் குரும்பப்பட்டியிலும் சித்தேரி மலையிலும் உயிரினங்களைச் சேகரித்தது. குரும்பப்பட்டி எலியை 1946இல் புதிய இனமாக விவரித்தவர் சர் ஜான் எல்லர்மன். கப்பல் தொழிலில் குவிந்த செல்வத்துக்கு வாரிசு. இங்கிலாந்தின் முதல் பணக்காரர் என்று பேசப்பட்டவர். அப்படிப்பட்டவர் வாழ்நாளின் பெரும்பகுதியை எலி, அணில் வகைகளைப் பிரித்தறிவதில் செலவிட்டார். பணத்தை இதைவிட மோசமாகச் செலவழித்தவர்கள் ஏராளம். ராட்டஸ் எல்விரா என்று, அதாவது வீட்டெலியின் பேரினத்தில், அவர் வைத்த இனம் பின்னர் கிரெம்னோமிஸுக்கு மாற்றப்பட்டது. தலையும் உடலும் சேர்ந்து சுமார் 15 சென்டிமீட்டர். மென்மையான பழுப்பு மயிர், வெளிறிய சாம்பல் நிற வயிறு, மேலே கறுத்தும் கீழே வெளுத்தும் இருக்கும் வால். சேலத்தை அடுத்து, சேர்வராயன் மலையடிக் குரும்பப்பட்டியில் இன்று உயிரியல் பூங்கா இருக்கிறது. மானையும் பறவையையும் பார்க்க வருபவர்களில் எத்தனை பேருக்கு இந்த எலியின் பெயர் தெரியும்?

அருங்காட்சியகத்தின் பழைய பெயர்ச்சீட்டுகளைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். எனவே 1965க்கு முந்தைய சீட்டில் ‘சேலம்’ என்று இருந்தால் இன்றைய சேலத்தை மட்டும் நினைக்கக் கூடாது. அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலை அன்று சேலம் மாவட்டம், இன்று தருமபுரி. எலிக்கு மாவட்ட எல்லை தெரியாது; பாறையும் புதரும் தொடர்ந்து இருக்கிறதா என்பதே அதற்குக் கணக்கு. தருமபுரிக் கருங்கல்லுக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. வெட்டிய மரம் தளிர்க்கும். உடைத்த கரடு முளைக்காது.

பாறை எலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு உறவினர்களையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைவால் எலியை 1881இல் ஓல்ட்ஃபீல்டு தாமஸ் விவரித்தார். வாலின் பின்பாதி வெள்ளை என்பதால் இருட்டில் உடல் தெரியாமல் வால் மட்டும் நகர்வதுபோல் தோன்றும். நெடுங்காலம் கிரெம்னோமிஸில் இருந்த இது இப்போது மட்ரோமிஸ் என்ற தனிப் பேரினம்.

மற்றொன்று புதரெலி, கோலுண்டா எலியோட்டி. சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட்டின் பெயரால் 1837இல் பெயர் பெற்றது. மேல் முன்பற்களில் நெடுக ஒரு பள்ளம் ஓடும். கையில் எடுத்துப் பார்த்தால் அடையாளம் காண அது ஒன்றே போதும். புதருக்குள் புல்லைச் சுற்றிப் பந்துபோல் கூடு கட்டும்; புல்லுக்கடியில் அது நடந்து நடந்து தேய்ந்த தடம் சுரங்கம்போல் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்தில் காப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் தின்று தீர்த்ததால் துரைமார் இதைக் ‘காப்பி எலி’ என்றார்கள். இங்கிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள் அதையே பிடித்துத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் குழம்பு வைத்தும் சாப்பிட்டதை டென்னன்ட் என்பவர் தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். துரைக்கு நட்டம், தொழிலாளிக்குக் கறி.

எல்விரா எலிக்கு அப்படிப்பட்ட கதை எதுவும் இல்லை. பயிரை அழித்த பழி அதன்மேல் இல்லாததால் பேரும் பரவவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. நம் சட்டத்திலோ எலி என்றால் எலியாகத்தான் இருந்தது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் அட்டவணை, இனம் பிரிக்காமல், காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் எலிகளைத் தீங்குயிர் வரிசையில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்த அட்டவணை நீக்கப்பட்டது.