ஊர் அடங்கியது, வாய் அடங்கவில்லை!

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்தார். "நம்ம செட்டுல வரலாறு எடுத்துப் படிச்சவன் நீ ஒருத்தன்தான் உருப்படியா எழுதுவே. பல்லவரோ சோழரோ, ஏதாவது நாலு பக்கம் எழுதிக் குடு" என்றார். பல்லவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் 2020-ஐப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அது வரலாறாய்யா? நேத்து நடந்தது மாதிரி இருக்கே!" என்று சிரித்தார்.

இப்போது நம் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி தங்கைகள் அன்று ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தவர்கள். பரீட்சையே எழுதாமல் தேறிய பாக்கியசாலிகள். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் பாஸ் என்று அரசு அறிவித்தபோது, மூன்று வருஷம் அரியரோடு மல்லுக்கட்டிய நம் செட்டு ஆட்கள் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தத் தம்பி தங்கைகளுக்காகவாவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

நான் இருப்பது கரையான்சாவடி. பூந்தமல்லியை ஒட்டி, ஆவடிக்குத் திரும்பும் முனை. பக்கத்திலேயே குமணன்சாவடி, சென்னைப் பக்கம் கொஞ்சம் தள்ளி வேலப்பன்சாவடி. இந்தச் சாலை நெடுக ஏன் இத்தனை சாவடி என்று மாணவனாக இருந்தபோது யோசித்ததில்லை. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். போகிற வருகிற ஜனங்களால் பெயர் பெற்ற ஊர்கள் இவை. இங்கே டிரங்க் ரோட்டில் இரவு இரண்டு மணிக்கும் பஸ் ஹார்ன் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் நடுப்பகலில் காக்கை கரைவது மட்டும் கேட்டது என்றால் எப்படி இருந்திருக்கும்!

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. பிரதமர் அறிவித்த மக்கள் ஊரடங்கு. மாலை 5 மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றியாகக் கை தட்டச் சொன்னார்கள். எங்கள் தெருவில் கை தட்டலோடு நின்றதா? எதிர்வீட்டு மாமி கல்யாணச் சீர் தாம்பாளத்தை எடுத்து வந்து கரண்டியால் அடித்தார். மாடி வீட்டுப் பையன் சேமக்கலம் கொண்டுவந்தான். "யார் வீட்டுல கிரகணம் விட்டுச்சு?" என்று காது மந்தமான தாத்தா ஒருவர் வெளியே வந்து கேட்டார். அன்று எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144. அன்றிரவு 8 மணிக்கு டெல்லியிலிருந்து அறிவிப்பு, நள்ளிரவு முதல் 21 நாள் நாடே ஊரடங்கு. அண்ணாச்சி கடையில் அந்த இரவு உளுந்து தீர்ந்தது, ரவை தீர்ந்தது, கடைசியில் அண்ணாச்சியின் பொறுமையும் தீர்ந்தது. "யம்மா, உலகம் அழிஞ்சாலும் அஞ்சு கிலோ புளி எதுக்கும்மா?" என்றார்.

சட்டம் என்னவோ பழையதுதான். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் அவசரமாகக் கொண்டுவந்தது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். 123 வருஷம் கழித்து அதையே தூசி தட்டி எடுத்தார்கள். கூடவே 1939-ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டமும் கை கொடுத்தது. நம் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் சட்டங்களை வருஷத்தோடு ஒப்பிக்கச் சொல்லும்போது, "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்கள் இப்போது தெரிந்துகொள்ளலாம்.

மதராஸ்காரர்களுக்குப் பீதி புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியது. ஊரே மூட்டை கட்டியது. பயம் தெளிந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? 'அவன் பெரிய எம்டன்டா' என்று கில்லாடிகளுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று அரசாங்கமே ஜனங்களை வெளியூர் போகச் சொன்னது. அப்போது வீட்டை விட்டு ஓடு என்றார்கள், 2020-ல் வீட்டை விட்டு அசையாதே என்றார்கள். இரண்டாவதுதான் கஷ்டம் என்பது என் கட்சி.

எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடங்களில் பூந்தமல்லி பொதுச் சுகாதார நிலையமும் ஒன்று. டி.வி.யில் பூந்தமல்லி, பூந்தமல்லி என்று சொல்லச் சொல்ல, எங்கள் உறவுக்காரர்கள் போனில்கூட இரண்டடி தள்ளி நின்று பேசினார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று சொல்லி வந்த ஊர், கொஞ்ச நாளைக்கு 'பூந்தமல்லி கேஸு' என்று மாற்றிச் சொன்னது.

அந்த முதல் நாற்பது நாளில் தமிழன் சிரித்த மாதிரி வேறு எவனாவது சிரித்திருப்பானா என்பது சந்தேகமே. வில்லிவாக்கத்தில் ஒரு போலீஸ் ஆய்வாளர் கொரோனா வைரஸ் மாதிரி முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார். அதைச் செய்து கொடுத்தவர் ஓவியர் கௌதம். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம் வந்தது. திருப்பூர்ப் பக்கம் போலீஸ் பறக்கவிட்ட டிரோன் கேமராவைக் கண்டு, கேரம் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் போர்டையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அதே திருப்பூர் போலீஸ், முகக்கவசம் இல்லாமல் சுற்றியவர்களைப் பிடித்து, பொய்யாக ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கும் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஜன்னல் வழியாக வெளியே குதிக்கப் பார்த்த அந்த இளைஞர்களின் முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. (விளையாட்டுதான் என்றாலும் கொஞ்சம் கொடுமைதான்.) வடிவேலு படம் போட்டு வராத செய்தியே இல்லை. எல்லா நிலைமைக்கும் அவரிடம் ஒரு முகம் இருந்தது.

எங்கள் ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் பாவம். ஏப்ரல் 2 முதல் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் இலவசப் பொருளும் கொடுத்தார்கள். கடை வாசலில் மூன்றடிக்கு ஒரு வெள்ளை வட்டம் போட்டிருந்தது. நான் போனபோது வட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன, ஆனால் ஆட்களைக் காணோம். ஒரு வட்டத்தில் செருப்பு, ஒன்றில் பை, ஒன்றில் செங்கல், ஒன்றில் மண்ணெண்ணெய் டின். அவை ஒழுக்கமாக இடைவெளி விட்டு நின்றன. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேப்பமரத்து நிழலில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று விவாதம் செய்துகொண்டிருந்தார்கள்!

முடிதிருத்தும் கடைகள் எங்கள் பக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் திறக்கவில்லை. என் வீட்டு அம்மணி யூடியூப் பார்த்து எனக்கு முடிவெட்டி விட்டாள். காது தப்பித்தது, கௌரவம் தப்பவில்லை. அடுத்த நாள் பார்த்தால் தெருவில் ஏழெட்டுப் பேர் தொப்பியோடு நின்றார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

தண்ணி லாரி வரவில்லை என்று சண்டை போடுவதற்காக எங்கள் தெருவில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒரே வாரத்தில் அது மினி செகரட்டேரியட் ஆகிவிட்டது. யாருக்கு பி.பி. மாத்திரை, யாருக்கு இன்சுலின், யார் வீட்டில் காஸ் தீர்ந்தது என்று பட்டியல். பைக் வைத்திருந்த நான்கு பையன்கள் சுற்றிச் சுற்றி வாங்கி வந்தார்கள். அதுவரை அவர்களைத் 'தறுதலைங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு மூலம் மருந்து வாங்கி வந்து, அதைக் குழுவில் அறிவிக்காமல் இருந்ததே பெரிய பண்பாடு.

பின்கட்டு வாடகை அறையில் எட்டு வடமாநிலப் பையன்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை. வேலை நின்றது, கூலியும் நின்றது. தெருவில் முறை போட்டு அரிசி, பருப்பு கொடுத்தோம். ரசம் குடித்தால் நோய் அண்டாது என்று மாமி ஒரு தூக்குச்சட்டி ரசத்தை அனுப்ப, மிளகுக் காரம் தாங்காமல் அவர்கள் கண்ணீர் விட்டார்கள். மாமி அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு தினமும் அனுப்ப ஆரம்பித்தார். மே மாதம் ஷ்ரமிக் ரயில் விட்டபோது அவர்கள் கிளம்பினார்கள். ரயில் கிடைக்காதவர்கள் மூட்டையோடு நடந்தே போனதையும் பார்த்தோம். சாவடி என்று பெயர் வைத்த ரோட்டில் உட்கார ஒரு திண்ணை திறந்திருக்கவில்லை. தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தோம், அவ்வளவுதான் முடிந்தது.

இதுவரை எழுதியதைப் படித்தால் எங்கள் தெரு ராமராஜ்யம் என்று தோன்றும். மீதியையும் எழுதினால்தான் கட்டுரை.

ஏப்ரல் 13-ல் நெல்லூர்க்கார டாக்டர் ஒருவர் சென்னையில் கொரோனாவால் இறந்து, உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆறே நாள் கழித்து, 19-ஆம் தேதி, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் இடம் கொடுக்கவில்லை. அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் கல்லும் கட்டையுமாக அடித்தார்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, டிரைவருக்குக் காயம். நள்ளிரவுக்கு மேல் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் திரும்பிப் போய், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருவரோடு சேர்ந்து தன் கையாலேயே மண்ணைத் தள்ளிப் புதைத்துவிட்டு வந்தார். அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அந்த மாதமே அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

அம்பத்தூர் சம்பவத்தன்று எங்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'நம்ம ஏரியா சுடுகாட்டுக்கும் கொண்டு வரப் போறாங்களாம், எல்லாரும் ரெடியா இருங்க' என்று. அனுப்பியவர் இன்சுலின் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். கீழே பன்னிரண்டு கட்டைவிரல்கள். நான் விரலும் தூக்கவில்லை, தப்பென்று ஒரு வரி எழுதவும் இல்லை. அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். தெருவுக்காக ஓடிய அதே கால்கள்தான் மயானத்து வாசலுக்கும் ஓடத் தயாராக நின்றன. படித்த வரலாறு அன்றிரவு எனக்கு எதற்கும் பயன்படவில்லை.

எங்கள் மாடியில் குடியிருந்த நர்ஸம்மாவுக்குத் தெருப் பையன்கள் 'கொரோனா அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் அவரும் சிரித்தார். "ஆமாண்டா, கிட்ட வந்தா ஒட்டிக்குவேன்" என்பார். நானும் சிரித்தவன்தான். ஏப்ரல் நடுவில் பால்காரர் அவர் வீட்டுக்கு மட்டும் பாக்கெட்டைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். வீட்டுச் சொந்தக்காரர் "கொஞ்ச நாளைக்கு ஆஸ்பத்திரியிலேயே தங்கிக்கிட்டா நல்லது" என்று ஜாடையாகச் சொன்னார். வேலங்காட்டுச் செய்தி வந்த அன்று அவர் டியூட்டி முடிந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை என் அம்மா பார்த்துவிட்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அடுக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே போனார். எழுபத்தெட்டு வயசு. "உங்களுக்கு வயசாச்சும்மா, வேணாம்" என்று அவர் தடுத்தும் கேட்கவில்லை. மறுநாள் மாமியும் போனார். சொந்தக்காரர் அதற்கப்புறம் பேச்செடுக்கவில்லை. குழுவில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. 'கொரோனா அக்கா' மட்டும் 'சிஸ்டர்' ஆனார்.

மே 5-ல் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தை 10-ஆம் தேதி இரவு முதல் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஆழ்வார் பிறந்த ஊரில் தக்காளி லோடு இறங்கியது. அடங்கிக் கிடந்த எங்கள் ரோட்டில் விடிய விடிய லாரிகள். "ஹார்ன் சத்தம் கேட்டாத்தான்டா தூக்கமே வருது" என்றார் தாத்தா. மழை பெய்தால் அங்கே சேறு, வியாபாரிகள் பாடு திண்டாட்டம். செப்டம்பர் 28 வரை ஓடியது அந்தச் சந்தை. நடுவில் ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழு அடைப்பு. அப்போது ஒருவரும் தாம்பாளம் அடிக்கவில்லை. சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டியில் முட்டையிட்ட ஒரு குருவிக்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் இருந்த செய்தி அந்தச் சமயத்தில்தான் வந்தது. எங்கள் குழுவில் அதற்கும் பன்னிரண்டு கட்டைவிரல்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2021-ல் எங்கள் பகுதியில் தடுப்பூசி முகாம். ஊசி போட உட்கார்ந்திருந்தவர் நம் சிஸ்டர். வரிசையில் எனக்கு முன்னால், அந்தப் பெயரை முதன்முதலில் வைத்த காலேஜ் பையன். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் ஊசியை மேலே தூக்கிப் பார்த்தபடி சொன்னார்:

"கொரோனா அக்கா வந்திருக்கேன்டா. கையைத் தளர்த்தி வை, வலிக்காது."