எழுதுகோலும் கொலையாளியும்

துப்பறியும் கதை என்றாலே இலக்கிய அன்பர்கள் சற்று முகம் சுளிப்பது வழக்கம். எனினும் ஒரு நாட்டின் வரலாறு அதன் துப்பறியும் கதையினுள்ளும் உறைந்து கிடக்கக்கூடும். சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்னும் புதினம் இதற்குச் சான்று. 2004 நவம்பரில், தம் ஐம்பதாம் வயதில் அவர் மாரடைப்பால் மறைந்தார். 2005இல் நூல் வெளிவந்து உலகை வலம் வந்தது.

இப்புதினத்தில் கொலையாளியைக் கண்டறிபவர் மிக்கேல் புளூம்குவிஸ்ட் என்னும் பத்திரிகையாளர். 1966இல் ஒரு தீவிலிருந்து மறைந்துபோன செல்வக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி ஆராயப் புகுந்த அவர், பல்லாண்டுகளாகப் பெண்களைக் கொன்றுவந்தவனை அக்குடும்பத்திலேயே காண்கிறார். அவருக்குத் துணைநிற்பவள் லிஸ்பெத் சலாண்டர் என்னும் இளம்பெண். காவலர் செய்யவேண்டிய பணியைப் பத்திரிகையாளரிடம் ஆசிரியர் ஒப்படைத்தது ஏன்?

விடை காண நாம் 1766ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு சுவீடனில் அச்சுரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது. அதற்கென முன்னின்று வாதாடியவர் ஆண்டர்ஸ் சிதேனியஸ் என்னும் பாதிரியார். சமய நூல்கள் நீங்கலாக ஏனைய நூல்களுக்கு முன்தணிக்கை ஒழிந்தது. அரசு ஆவணங்களைப் பார்வையிடவும் அச்சிடவும் குடிமக்களுக்கு உரிமை பிறந்தது. 1772இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அதிகாரத்தைக் கைப்பற்றியபின் அவ்வுரிமை சுருங்கிப் பின்னர் மீண்டும் தழைத்தது. கோப்புகளிடையே நாளெல்லாம் கழிக்கும் நம்மனோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது, இப்புதினம் வெளிவந்த அதே 2005இல் அன்றோ!

அம்மண்ணின் பத்திரிகையாளர்கள் புதினத்தையும் சமூக ஆய்வுக் கருவியாக்கினர். மாய் ஷோவால், பெர் வாலோ இணையர் 1965 முதல் 1975 வரை பத்துப் புதினங்கள் எழுதி, மக்கள்நல அரசு எனப் புகழ்பெற்ற சுவீடனின் மறுபக்கத்தைக் காட்டினர். அவர்தம் நாயகர் காவல்துறையினர். 1995இல் 'எக்ஸ்போ' என்னும் அமைப்பை நிறுவி இனவெறிக் குழுக்களை ஆராய்ந்தோருள் ஒருவரான லார்சனோ, பத்திரிகையாளரையே நாயகராக்கினார்.

ஆயினும் கதையின் முடிவே நம்மை உலுக்குகிறது. உண்மை முழுவதும் அறிந்த பத்திரிகையாளர் அதனை வெளியிடவில்லை. உயிர் பிழைத்தவளின் துயரம் ஊரார் வெறும் வாய்க்கு அவலாகலாகாது என்பது காரணம். அக்குடும்பத்தின் நிறுவனம் பெண்கள் காப்பகங்களுக்கு ஆண்டுதோறும் நன்கொடை அளிக்கவேண்டும் என்பது சலாண்டர் விதிக்கும் நிபந்தனை.

உயிரோடிருப்பவளின் அமைதியைக் காக்கும் அம்மௌனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அதே மௌனம் கொலையாளியின் குடும்பப் பெயரையும் காத்துவிட்டதே! மாண்ட பெண்களின் வரலாறு அச்சேறவே இல்லை. எழுதும் உரிமையை 1766ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. எதை எழுதாமல் விடலாம், அதனால் யாருக்கு நன்மை என்னும் வினாவை, எழுதுகோல் ஏந்தும் ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடமே கேட்டறிதல் வேண்டும்.