தோட்டத்துக்கு வராத பல் வைத்தியம்

பல்லுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். ஒரு நாடு தன் உழைப்பாளி மக்களை எவ்வாறு மதித்தது என்பதைச் சட்டப் புத்தகங்கள் ஓரளவு கூறும்; அம்மக்களின் வாய் அதைவிடத் தெளிவாகக் கூறும். பண்டாரவளையைச் சுற்றிப் பூணாகலை, நாயபெத்தை, அப்புத்தளை என விரிந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களுக்கும், மத்திய மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென இலங்கையில் 1872ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காலப்போக்கில் மாவட்ட வைத்தியசாலைகளும், பல தோட்டங்களில் மருந்துச்சாலைகளும் தோன்றின. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் தொடங்கியது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி உழைப்பாளியைச் சோர்வடையச் செய்வது. சோர்ந்த உடல் கொழுந்தைக் குறைக்கும். ஆகவே மருந்து தொழிலாளியைத் தேடித் தோட்டத்துக்கே வந்தது. வைத்தியத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவது இயலாத காரியம் என்று யாரும் அன்று கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பல்லின் நிலை வேறு. ஈறு வீங்கினாலும் கை கொழுந்து பறிக்கும். பல் ஆடினாலும் கால் மலையேறும். இலாபக் கணக்கில் இடம் பெறாத நோய் அது. பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் புகைவண்டி வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகள் துறைமுகம் செல்வது எளிதாயிற்று. லயத்திலிருந்து பல் வைத்தியரிடம் செல்லும் வழியோ எளிதாகவில்லை. நாட்கூலி முறையில் ‘பேர்’ விழுந்தால்தான் சம்பளம். பட்டணத்துக்குச் சென்றால் அன்றையப் பேர் போய்விடும். பேருந்துச் செலவு வேறு. எனவே கராம்பையும் உப்பையும் வைத்து வலியைச் சமாளித்து, இனிப் பொறுக்க முடியாது என்ற நிலையில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் செல்வதே வழக்கமாயிற்று.

இதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் என்ன நடந்தது? பாடசாலைக்கே சென்று பிள்ளைகளின் பற்களைப் பேணும் பல் தாதியரை நியூசிலாந்து 1921 முதல் பயிற்றுவித்தது. 1950களில் கொழும்புத் திட்ட உதவியுடன் அம்முறை இலங்கைக்கும் வந்தது. மகரகமையில் பயிற்சிப் பள்ளி எழுந்தது. நல்ல திட்டம்தான். ஆயினும் அரசாங்கப் பாடசாலைகளை நம்பி வகுக்கப்பட்ட திட்டம் அது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியில்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த பெற்றோரின் பிள்ளைகள் பல் சுகாதாரத்திலும் வரிசைக்கு வெளியே நிற்க நேர்ந்தது.

இறுதியில் பல் மருத்துவ அறிஞர்கள் தோட்டத்துக்கு வரவே செய்தார்கள், அளப்பதற்காக வந்தார்கள். நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் மத்திய மலைநாட்டின் இரு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்தனர். பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ எட்டாதிருந்த மக்கள் என்பதே அவர்களைத் தெரிவு செய்ததன் காரணம். ஒப்பீட்டுக்கு, சிறு வயது முதல் பல் வைத்தியம் பெற்று வந்த ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்வியாளருமான 565 பேர். நாற்பது வயதை நெருங்கும்போது பல்லைத் தாங்கும் பிடிப்பு ஒஸ்லோவில் சராசரி ஒன்றரை மில்லிமீற்றர் அளவு தேய்ந்திருந்தது. தோட்டத்தில் நாலரை மில்லிமீற்றர்.

1985இல் மீண்டும் பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை; பற்கள் விழுந்ததெல்லாம் ஈறு நோயால். நூற்றுக்கு எட்டுப் பேரிடம் நோய் விரைந்து பரவியிருந்தது. அவர்கள் முப்பத்தைந்து வயதில் 12 பற்களையும், நாற்பதில் 20 பற்களையும், நாற்பத்தைந்தில் எல்லாப் பற்களையும் இழந்தனர். நூற்றுக்கு எண்பத்தொரு பேர் நாற்பத்தைந்து வயதுக்குள் சராசரி ஏழு பற்களை இழந்தனர். இந்த எண்களை உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்று பாடமாகப் படிக்கின்றனர்.

அறிவியலுக்கு இது பெரும் பேறு; ஐயமில்லை. 2010இல் எஞ்சியோருள் 75 பேரைப் பரிசோதித்து எழுதப்பட்ட ஆய்வும், பற்காரையை அகற்றுவதும் அன்றாடம் பல் துலக்குவதும் ஈற்று அழற்சியை அடக்குவதும் பல்லைக் காக்கும் என்றே கூறுகிறது. காரையைச் சுரண்டி எடுக்கும் கருவி சிறு பெட்டியில் அடங்கும். மலை மீது கொண்டு வர முடியாத பொருளா அது? அளவுகோல் ஏறிய மலையில் சிகிச்சையும் ஏறியிருக்க முடியும்.

பல்லோடு நின்றுவிடும் விஷயமுமன்று இது. குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று மெல்லும் பழக்கம் லயங்களில் வேரூன்றியது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பது என்று 1985இலும், புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும் அவ்வாறானவையே என்று 2004இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. வாயினுள் தோன்றும் வெண்படலத்தை ஒரு விளக்கு வெளிச்சத்தில் காணலாம். தொடக்கத்தில் கண்டால் உயிர் தப்பும். பார்ப்பதற்கு ஆள் வர வேண்டும், அவ்வளவே.

நடமாடும் பல் வைத்திய முகாம்கள் இன்று இடையிடையே நடைபெறுகின்றன, அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒரு நாள் வந்து பல்லைப் பிடுங்கிவிட்டுச் செல்லும் ஊர்தி, பட்டணத்துச் சிகிச்சையின் குறையையே மலைக்கு ஏற்றி வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முன்கூட்டி அறிவித்த நாளில், அதே தோட்டத்துக்கு அது திரும்பி வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் பதிவேடு வேண்டும். பிள்ளைக்காம்பராவிலுள்ள குழந்தை முதல் பென்சன் பெற்ற முதியவர் வரை அனைவரையும் தமிழில் பேசி விளக்குவோர் பார்க்க வேண்டும். முக்கியமாக, பிரட்டுக்களத்தில் சிகிச்சைக்காக நிற்பவரின் பேர் வெட்டப்படலாகாது. கொக்கிப்புழுவுக்கு 1916இல் செய்ய முடிந்ததைப் பல்லுக்குச் செய்யக் கூடாதா? கொழுந்தைக் காக்க வந்த மருத்துவம் மனிதரைக் காக்கவும் மலையேறுவதே நியாயம்.