தளி வட்டாரமும் எரிமலைப் பாடமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஊர் தளி. இங்கு எரிமலை கிடையாது. இந்தியாவில் இன்றும் இயங்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவில் இருக்கிறது. ஆகவே இப்பகுதி நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு எரிமலை என்பது படத்தில் பார்க்கும் பொருளாகவே இருந்துவந்தது. முன்பு சுவர்ப்படம், இப்போது திரை.

திரைக்கு மாறியது அண்மையில்தான். நடுவண் அரசின் திக்‌ஷா தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் 2018 முதல் கியூஆர் குறியீட்டுடன் வந்தன. எரிமலை பற்றிய பாடம் அடங்கிய ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் 2019-இல் வெளியானது. அதே ஆண்டு தொடங்கிய கல்வி தொலைக்காட்சி, பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைகொடுத்தது.

இணையத்தின் பெரும்பயன், பாடம் பழையதாகிப் போகாமல் இருப்பது. பேரன் தீவின் சீற்றம் முதலில் பதிவானது 1787-இல். பின்னாளில் நெடுங்காலம் உறங்கிய அது 1991-இல் மீண்டும் வெடித்தது. அச்சு நூல் இத்தகைய மாற்றத்தைச் சொல்ல அடுத்த பதிப்பு வரவேண்டும். அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனமோ 2000 முதல் உலக எரிமலைகளின் நிலையை வாரந்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது.

மொழிச் சிக்கல் வேறு. தளி, ஓசூர்ப் பகுதியில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அம்மொழிவழிப் பள்ளிகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. எரிமலை என்ற சொல் தமிழ்க் குழந்தைக்குத் தானே பொருள் சொல்லிவிடும். கன்னடக் குழந்தைக்கு அது ஜ்வாலாமுகி, தெலுங்குக் குழந்தைக்கு அக்னிபர்வதம். மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் காணொளியை ஓட்டுவதே நல்லது.

அக்காணொளிகள் பெரும்பாலும் ஹவாயையும் ஐஸ்லாந்தையும் காட்டுகின்றன. ஆனால் தளியிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் லாவா கிடக்கிறது. ஆறிப்போய் 270 கோடி ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான். கோலார் தங்கவயல் அமைந்த பாறைப் பட்டை, பழங்காலக் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி உருவானது. சூடான குழம்பு நீரைத் தொட்டதும் மேற்புறம் சட்டென உறைகிறது. உள்ளிருக்கும் குழம்பு அதைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறி அடுத்த உருண்டையாகிறது. இப்படித் தலையணைகளை அடுக்கியதுபோன்ற பாறை உண்டாகும். தங்கவயலுக்கு அருகில் பெத்தப்பள்ளியில் உள்ள அத்தகைய பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வகம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

அந்தப் பாறைகள் பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறின. வெடிப்புகளில் ஏறிய சூடான நீர்மங்கள் தங்கத்தைப் படியவைத்தன. அதைத் தேடி 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் அவர்களில் பலர். தளியும் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-இல் தருமபுரிக்கும் 2004-இல் கிருஷ்ணகிரிக்கும் மாறியது.

ஆய்வகத்தின் பூகோஷ் இணையதளத்தில் நிலவியல் வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். கோலார் பட்டை அதில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளும் ஒல்லியான கோடாகத் தெரியும். மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து அதற்கு அளவுகோல் வைத்துத் தூரம் கணக்கிடலாம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. பெத்தப்பள்ளிப் பாறைகள் நிலத்தின்மேல் இன்றும் இருக்கின்றன.