ஓடாத கடிகாரமும் மூன்றாண்டுத் திட்டமும்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒரு பழைய மரக் கடிகாரம் தொங்குகிறது. அது ஓடி எத்தனையோ வருஷம் ஆச்சு. கண்ணாடிக்குக் கீழே வெள்ளைப் பெயிண்ட்டில் 'அன்பளிப்பு' என்ற சொல் மட்டும் தெரியும். கொடுத்தவர் பெயர் அழிந்துவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என் தங்கை உறுப்பினர். போன வருஷம் ஒரு கூட்டத்துக்கு அவளோடு துணைக்குப் போனேன். அடுத்த மூன்று வருஷத்துக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கணும். சுற்றுச்சுவர், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று மூன்று வரி எழுதினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், டீ வந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிஞ்சுது. 'மூணு வருஷம் கழிச்சு இங்க எத்தனை பிள்ளைங்க படிப்பாங்க?' என்று யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.

வெளியே வரும்போது கடிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார்: "அது மாநாட்டுல குடுத்ததுப்பா."

"என்ன மாநாடு பெரியம்மா?"

"பள்ளிக்கூடத்து மாநாடுதான். அப்ப நான் சின்னப் பிள்ளை. ஊரே போச்சு."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்ததன் குறிப்புதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 45-வது பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அதாவது கெடு 1960. சென்னை மாகாணத்தில் காசு குறைவு, பிள்ளைகள் அதிகம். 1953-இல் ராஜாஜி அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. தொடக்கப் பள்ளியில் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு, இரண்டு ஷிப்ட். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது அதுதான். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். சீக்கிரமே திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போச்சு, ஆனால் பிரச்சனை அப்படியே இருந்தது. இருக்கிற காசில் இத்தனை பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்குக் கொண்டுவருவது? அப்போது நிதி, கல்வி இரண்டு துறைகளும் சி. சுப்பிரமணியம் கையில் இருந்தன. கல்வித் துறை இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு வந்தார்.

முதல் வேலை எண்ணுவது. 1957 மார்ச் 31-ஐக் கணக்கு நாளாக வைத்து முதல் அகில இந்தியக் கல்விக் கணக்கெடுப்பு நடந்தது. இதில் அடிப்படை அலகு வருவாய்க் கிராமம் இல்லை, குடியிருப்பு. கிராமத்தின் பெயரில் ஒரு பள்ளி இருக்கலாம். ஆனால் காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி இருக்கும் இருபது வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இல்லாத மாதிரிதான். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் எந்தக் குடியிருப்பு விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது பசி. சென்னை மாநகராட்சி 1920-லேயே, தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியிருந்தது. 1956-இல் அது மாநிலம் தழுவிய திட்டமாகத் தொடங்கியது, முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்ததை வைத்தே. மறு வருஷத்திலிருந்து செலவில் நூற்றுக்கு 60 அரசு, 40 ஊர் என்று ஆனது.

மூன்றாவதுதான் நம்ம கடிகாரம். 1958-இல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. நடைமுறை எளிமையானது. முதலில் ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, என்ன இல்லை என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, தண்ணீர்ப் பானை, வரைபடம், சமையல் பாத்திரம், சீருடைத் துணி, கூரை மாற்ற ஓடு, விளையாட இடம். அந்தப் பட்டியலோடு வீடு வீடாகப் போவார்கள். யார் எதைத் தருகிறார் என்று எதிரே எழுதுவார்கள். பிறகு பல பள்ளிகள் சேர்ந்து ஒரே இடத்தில் மாநாடு. அமைச்சர், அதிகாரிகள் முன்னால் பொருள்கள் ஒப்படைக்கப்படும்.

இதைத் தர்ம காரியம் என்று பாராட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பட்டியல்தான். எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும், தன் பள்ளிக்கு என்ன தேவை என்பதை அதுவே உட்கார்ந்து எழுதியது. மேலிருந்து வந்த படிவத்தை நிரப்பவில்லை.

குறையும் இருந்தது. நிலம் உள்ளவர் இருக்கும் ஊரில் பட்டியல் நிரம்பும். கூலிக்காரர்கள் மட்டுமே வாழும் காலனியில் யார் பீரோ வாங்கித் தருவது? அன்பளிப்பை நம்பிப் போட்ட திட்டம், ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வைப் பள்ளிக்கும் கொண்டுபோகும். இன்னொன்று, ஊர் கொடுத்தது பெரும்பாலும் ஒருமுறை கொடுக்கிற பொருள். மாதா மாதம் வரவேண்டிய ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு பொறுப்பேற்றது. அந்தத் தூண் இல்லாவிட்டால் ஆயிரம் கடிகாரம் வந்தும் பள்ளி நின்றிருக்காது. இன்றைக்கு 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' மாதிரித் திட்டங்களைப் பார்க்கும்போதும் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இப்போது நம் காலம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 22-வது பிரிவு அந்தக் குழுவையே மேம்பாட்டுத் திட்டம் எழுதச் சொல்கிறது. 1958-இன் பட்டியல் சட்டமாகவே ஆகிவிட்டது என்று சொல்லலாம். அன்பளிப்பு கேட்டு நிற்க வேண்டியதில்லை, உரிமையாகக் கேட்கலாம். ஒரு மைல் ஒரு கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது.

ஆனால் கேள்வி தலைகீழாகிவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், பள்ளி இல்லை. இன்றைக்கு எங்கள் ஊர் மாதிரிப் பல ஊர்களில் பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் குறைகிறார்கள். பிறப்பு குறைந்திருக்கிறது. பிறந்த பிள்ளைகளும் காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளி வேனில் ஏறிப் போகிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கும் பேச்சு வரும். வேனுக்குக் காசு கட்ட முடியாத நாலைந்து வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது பெரிய இழப்பு. அந்த வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை, ஏன்னா அந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஜோசியம் வேண்டாம். இன்னும் மூன்று வருஷத்தில் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய பிள்ளை இப்போதே பிறந்து, நடந்து, பேசிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, அந்தந்த வீட்டுக்குப் போய், 'எங்க சேர்க்கப் போறீங்க? இங்க சேர்க்கணும்னா என்ன வேணும்?' என்று கேட்டால் போதும். சுற்றுச்சுவர்தான் வேணும் என்பார்களா, இல்லை எல்.கே.ஜி. வேணும், இன்னொரு டீச்சர் வேணும் என்பார்களா என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்டுப் பார்க்கவில்லையே.

தங்கையிடம் இதைச் சொன்னேன். "அடுத்த கூட்டத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கச் சொல்றேன், அப்பதான் எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள அங்கன்வாடிக்கு நீ வா, நான் வரேன்" என்றாள். பெரியம்மாவும் வருகிறாராம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று பதிவேட்டைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.